வெள்ளை பார்டர்

திருமானூரிலிருந்து ஏலாக்குறிச்சிக்கு வரும் வழியில், அறுப்பு முடிந்த வயலோரம் ஒரு வைக்கோல் போரைப் பழைய பிளெக்ஸால் மூடிக் கல் வைத்திருந்தார்கள். வெயில் குடித்ததில் அதிலிருந்த பெண்பிள்ளையின் முகம் போய்விட்டது, தாய்மாமன்களின் முகங்களும் போய்விட்டன, பின்னணி ரோஜாக்கள் சாம்பல் நிறத்தில் கிடந்தன. எழுத்து மட்டும் தலைகீழாகக் கிடந்தாலும் தெளிவாகப் படிக்க வந்தது: மஞ்சள் நீராட்டு விழா. ஊதா எழுத்தைச் சுற்றி வெள்ளை பார்டர். வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். அந்த பார்டர் நான் போட்டது. அடி ஓரத்தில் கடையின் பெயர் பாதி கிழிந்திருந்தது. பெயரே இல்லாவிட்டாலும் அடையாளம் சொல்லியிருப்பேன். எழுத்தின் மூலைகளில் பார்டர் கூராகத் திரும்பாமல் உருண்டு திரும்பியிருந்தது. அந்தக் காலத்து கிம்ப் மென்பொருளில் செய்தால் அப்படித்தான் வரும்.

எங்கள் கடை மாதா கோயிலுக்குப் போகும் சாலையில் இருந்தது. கடைக்காரர் போர்டு எழுதுகிறவர். ஊரே அவரை ஆர்ட்டிஸ்ட் என்றது. உறவொன்றும் இல்லாமலே நான் மாமா என்றேன். கட்சிச் சின்னம், பால் சொசைட்டி பலகை, லாரியின் பின்பக்க வாசகம், அடைக்கல அன்னையின் தேர்த்திருவிழாவுக்குத் துணி பேனர் என்று பிரஷ் பிடித்தே குடும்பத்தைக் கரையேற்றியவர். பிளெக்ஸ் மிஷின் தஞ்சாவூருக்கு வந்து சேர்ந்ததும் அந்த வேலை வற்றத் தொடங்கியது. அவருடைய கூட்டாளிகளில் சிலர் வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போனார்கள், சிலர் அரியலூர் சிமென்ட் ஆலைப் பக்கம் போனார்கள். மாமா பிடிவாதமாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு, பாலிடெக்னிக் முடித்துவிட்டு வீட்டில் சும்மா கிடந்த என்னைக் கூப்பிட்டு முன்னால் உட்காரவைத்தார்.

டிசைன் இங்கே, அச்சு தஞ்சாவூரில். பென்டிரைவைக் கவரில் போட்டு ஒட்டி, திருவையாறு வழியாகப் போகும் பஸ்ஸின் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவோம். சாயங்காலம் சுருட்டிக் கட்டிய பிளெக்ஸ், மூக்கைத் துளைக்கும் மை வாசனையோடு, கொள்ளிடம் பாலம் தாண்டி வந்து இறங்கும். பென்டிரைவ் போகும்போது படத்தோடு போகும், வரும்போது வைரஸோடு வரும். கடையில் இருந்ததோ, அன்றைக்கு எல்லாக் கடைகளிலும் இருந்ததுபோல, நகல் சிடியில் ஏற்றிய போட்டோஷாப். ஒரு திருவிழா நேரத்தில் அது திறக்கவே மறுத்துவிட்டது.

என்னோடு படித்தவன் ஒருவன் உபுண்டு என்ற இயங்குதளத்தின் சிடி வைத்திருந்தான். கேட்டவர்களுக்கெல்லாம், உலகத்தின் எந்த மூலைக்கும், கேனோனிக்கல் நிறுவனம் அதைத் தபாலில் இலவசமாக அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது, 2011-ல்தான் நிறுத்தினார்கள். நானும் முகவரி எழுதிக் கேட்டேன். முகவரி எழுதுவதிலும் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் ஊர் 1995 வரை திருச்சி மாவட்டம், பிறகு பெரம்பலூர், 2001-ல் அரியலூர், அடுத்த வருஷமே மறுபடி பெரம்பலூர், 2007-ல் மறுபடியும் அரியலூர். வீடு நின்ற இடத்திலேயே நிற்க மாவட்டம் மட்டும் மாறிக்கொண்டிருந்தது. பழைய டிசைன்களைத் திறந்து மாவட்டப் பெயரை மாற்றுவதற்கென்றே கடையில் ஒரு மத்தியானம் போனது உண்டு. எப்படியோ சிடி வந்து சேர்ந்தது. “ஃபாரின் தபால்டா. எவ்வளவு கட்டின?” என்றார் தபால்காரர். ஒரு பைசாவும் இல்லை என்றதை அவர் நம்பவில்லை.

அந்த சிடிக்குள்தான் கிம்ப் இருந்தது. 1995-ல் ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. படம் திருத்த ஒரு மென்பொருள் எழுதப்போய், அதற்குப் பொத்தானும் மெனுவும் வரையத் தோதான கருவித்தொகுப்பு இல்லையென்று ஜிடிகே என ஒன்றையும் அவர்களே எழுதினார்கள். பின்னாளில் க்னோம் என்ற மேசைச்சூழல் முழுவதும் அந்த ஜிடிகேயின்மேல் எழும்பியது. இதெல்லாம் வெகுநாள் கழித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், கிம்ப்பைத் திறந்தால் திரையில் துண்டு துண்டாக சன்னல்கள் திறக்கும் என்பதுதான். கருவிப்பெட்டி ஒரு பக்கம், லேயர் பட்டியல் ஒரு பக்கம், படம் நடுவில். எங்கள் மானிட்டரோ முதுகு வீங்கிய பழைய மாடல். ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். மாமா மறைக்கிறதே என்று கருவிப்பெட்டியின் பெருக்கல் குறியை அமுக்குவார். அந்தப் பதிப்பில் கருவிப்பெட்டிதான் தலைச்சன். அதை மூடினால் மொத்தமும் மூடும். “பொட்டிய மூடுனா கடையவே மூடுறான்டா” என்பார்.

வெள்ளை பார்டருக்கு வருகிறேன். பிளெக்ஸில் எழுத்துக்குப் பின்னால் எப்போதும் பூவோ அருவியோ சூரிய உதயமோ இருக்கும், அதற்கு மேல் எந்த நிறத்தில் எழுதினாலும் எங்காவது அமுங்கும். பிரஷ் காலத்திலேயே மாமா இதற்கு வழி வைத்திருந்தார்: எழுத்தை முடித்து, காயவிட்டு, மெல்லிய பிரஷால் வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டே வருவார். கிம்ப்பில் அதற்கு நேரான பொத்தான் எதுவும் கிடையாது. எழுத்து லேயரிலிருந்து அதன் வடிவத்தைத் தேர்வாக எடுக்கவேண்டும். அந்தத் தேர்வை இத்தனை புள்ளி என்று வீங்கவைக்க வேண்டும். அடியில் ஒரு புது லேயர் போட்டு, அது படத்தின் அளவுக்கு இருக்கிறதா என்று பார்த்து (இல்லையென்றால் பார்டர் வெட்டுப்படும்), வெள்ளையை ஊற்றவேண்டும். இவ்வளவும் முடிந்தபின் ஒருவர் வந்து நிற்பார். “ஏந்தம்பி, அன்பு மச்சான்னு எல்லாரு பேரும் இருக்கு. எம்பேரு எங்க?” பெயரைச் சேர்த்தால் எழுத்து நகரும். எழுத்து நகர்ந்தால் கீழே ஊற்றிய வெள்ளை பழைய இடத்திலேயே நிற்கும். மறுபடி முதலிலிருந்து. காதுகுத்துக்கு முதல் நாள் ராத்திரியில்தான் மச்சான்கள் முளைப்பார்கள்.

2012-ல் 2.8 பதிப்பு வந்தபோது எல்லா சன்னல்களையும் ஒன்றாக்கும் வசதி வந்தது. மெனுவில் ஒரு டிக். அவ்வளவுதான், கருவிப்பெட்டி இடது ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. மாமா அன்று சாயங்காலம் எல்லாருக்கும் டீ சொன்னார். ஆனால் அதே பதிப்பில் அவரைக் கொதிக்கவைத்த ஒன்றும் இருந்தது. அதுவரை கன்ட்ரோல் எஸ் அடித்து ஜேபிஜி என்று பெயர் கொடுத்தால் ஜேபிஜியாகச் சேமித்துக்கொண்டிருந்தது. இனிமேல் ‘சேவ்’ என்றால் கிம்ப்பின் சொந்த எக்ஸ்சிஎஃப் வடிவம் மட்டும், மற்ற எல்லாவற்றுக்கும் ‘எக்ஸ்போர்ட்’ என்று பிரித்துவிட்டார்கள். பீட்டர் சிக்கிங் என்ற வடிவமைப்பாளர் சில வருஷங்களாக கிம்ப் குழுவோடு உட்கார்ந்து, இதை யார் எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று யோசித்துச் செய்த மாற்றங்களில் இதுவும் ஒன்று. உலகம் முழுக்கத் திட்டினார்கள். ஏலாக்குறிச்சியிலும் திட்டினார்கள். “சேவ் பண்ணா சேவ் ஆவணும். எக்ஸ்போர்ட் பண்றதுக்கு நான் என்ன செந்துறையில முந்திரி யாவாரமா பண்றேன்?”

என் கட்சி வேறு. ஜேபிஜியில் லேயர் எல்லாம் ஒன்றாக அமுங்கிவிடும். இரண்டு வருஷம் கழித்து அதே வீட்டார் வந்து “பெரியவளுக்குப் போட்ட மாதிரியே சின்னவளுக்கும் போடு” என்றால், ஜேபிஜியில் பெரியவளை எடுத்துவிட்டுச் சின்னவளை வைக்கமுடியாது. அந்த மாற்றத்துக்குப் பிறகு கடையில் செய்த வேலையெல்லாம் லேயரோடு கிடைக்கிறது. அதற்கு முன்னால் செய்தவற்றில் பாதி இல்லை. விரல் பழகியதை மாற்றுவது எரிச்சல்தான். சில எரிச்சல்களுக்குப் பலன் இரண்டு வருஷம் கழித்து வரும்.

பழக்கம் மாறுவது பற்றி மாமாவுக்கே ஒரு கதை உண்டு. 1978-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தபோது அவர் புதிதாகத் தொழிலுக்கு வந்த பையன். லை, னை எல்லாம் தும்பிக்கையை இறக்கி வைத்துவிட்டு இப்போதைய வடிவத்துக்கு வந்தன. பள்ளிக்கூடம், சொசைட்டி, பஞ்சாயத்து என்று பலகைகளைத் திருப்பி எழுதும் வேலை கிடைத்ததாம். “அதுலதான்டா மொதல் சைக்கிள் வாங்குனேன்.” ஆனால் அவருடைய அப்பா கடைசிவரை கடிதத்தில் தும்பிக்கை போட்டுத்தான் லை எழுதினாராம்.

எங்கள் ஊரில் இன்னும் பழைய சீர்திருத்தக்காரர் ஒருவர் இருக்கிறார். இத்தாலியில் பிறந்து 1747-ல் இறந்த வீரமாமுனிவர். இங்கே கோயில் எழுப்பி, ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயரும் வைத்தவர். அவருக்கு முன்னால் குறில் எகரத்தின் தலையில் புள்ளி வைப்பார்கள், நெடிலுக்கு வைக்கமாட்டார்கள். ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று எழுதுகிறவர்கள் புள்ளியையே விட்டுவிட, எது குறில் எது நெடில் என்று படிக்கிறவன் பாடாகிப் போனது. முனிவர் ஏகாரத்துக்குக் காலை இழுத்துவிட்டார், நெடில் கொம்புக்கு மேலே ஒரு சுழி கொடுத்தார். ஊர்ப் பெயரை எழுதும்போதெல்லாம் மாமா அந்தக் காலைக் கொஞ்சம் தாராளமாகவே இழுப்பார். “நம்ம சாமியாரு போட்ட காலுடா” என்பார்.

அந்தக் கொம்பால்தான் கம்ப்யூட்டரில் எங்களுக்கு வேலை கூடியது. யூனிகோடில் ‘தே’ என்று சேமிக்கும்போது முதலில் தகரம், பிறகு கொம்பு என்ற வரிசையில்தான் இருக்கும். கொம்பை இடப்பக்கம் கொண்டுவந்து வைப்பது திரையில் எழுத்தை வரையும் நிரலின் பொறுப்பு. ‘கோ’ என்றால் குறி இரண்டாகப் பிளந்து ஒன்று முன்னால், ஒன்று பின்னால். கிம்ப் இதற்கு பாங்கோ என்ற நூலகத்தை நம்பியிருந்ததால் எங்களுக்குச் சிக்கல் இல்லை. பக்கம் வடிவமைக்கும் ஸ்கிரைபஸின் பழைய பதிப்புகளில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். கோயில் மலர் ஒன்றை அதில் செய்ய ஆசைப்பட்டு விட்டுவிட்டோம். 2017-ல் 1.5.3 பதிப்பில் அது சரியானது. செய்தவர்கள் தமிழர்கள் இல்லை. ஓமன் நாட்டுக் குழு ஒன்று அரபி எழுத்து ஒழுங்காக வரவேண்டும் என்று ஹார்ஃப்பஸ் என்ற எழுத்துவரை நூலகத்தை உள்ளே கொண்டுவந்தது, அந்த வாசலில் தமிழும் மலையாளமும் நுழைந்துவிட்டன. 2019-ல் கேரளத்தின் ஜனயுகம் நாளிதழ் முழுக்க முழுக்க ஸ்கிரைபஸுக்கும் கிம்ப்புக்கும் மாறியது. நாளிதழே போகிறது என்றால் கோயில் மலருக்கு என்ன?

நானும் ஒரு வழுவைச் சொல்லி எழுதியிருக்கிறேன். எந்த மென்பொருள் என்பது இருக்கட்டும். அதில் எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியைக் கூட்டினால் ‘கோ’ மூன்று துண்டாகப் பிரிந்து கொம்பு ஓரிடம், கால் ஓரிடம் என்று நிற்கும். தலைப்பை நீளமாகப் பரப்பிவைக்காத பிளெக்ஸ் தமிழ்நாட்டில் உண்டா? மாமா ஒவ்வொரு முறையும் பல்லைக் கடிப்பார். பாலிடெக்னிக் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன்: தமிழ் சரியாக வரவில்லை, திருத்தவும். பதிலாகக் கேள்விகள்தான் வந்தன. எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம், எந்த எழுத்துரு, என்ன செய்தீர்கள், என்ன வரும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது, மாதிரிக் கோப்பு உண்டா. முதலில் கோபம் வந்தது. உட்கார்ந்து ஒவ்வொன்றாக எழுத எழுதத்தான், எனக்கே அந்தக் குறை முழுதாகத் தெரியாது என்று தெரிந்தது. இடைவெளியைக் கூட்டினால் மட்டும்தான் பிரிகிறது, குறைத்தால் பிரியவில்லை. கொம்புள்ள எழுத்துகள் மட்டும்தான்.

எழுதியதைப் படித்த ஐரோப்பியருக்குத் தமிழ் தெரியாது. நான் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் எது சரி எது தப்பு என்றே அவருக்குப் புரியவில்லை. சரியான வடிவத்தைக் காட்டமுடியுமா என்று கேட்டார். மாமாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் பரணிலிருந்து பிரஷை எடுத்தார். ஒரு வெள்ளை அட்டையில் கறுப்பு பெயின்ட்டால் ‘கோ’ எழுதினார்; அதன் கீழே ‘கோயில்’ என்று இடைவெளி விட்டுப் பரப்பி எழுதினார்; பென்சிலால், எங்கே இடைவெளி வரலாம் எங்கே வரக்கூடாது என்று கோடு போட்டார். போன் கேமராவில் எடுத்து அனுப்பினேன். அந்த அட்டை ரொம்ப அழகாக இருக்கிறது, பிரிண்ட் எடுத்து மேசைமேல் வைத்துக்கொள்ளட்டுமா என்று பதில் வந்தது. மாமா கேட்டார்: “அவனுக்கு நம்ம எழுத்து தெரியுமாடா?” “தெரியாது மாமா.” “பின்ன எப்படிச் சரி பண்ணுவான்?” ஆனால் பண்ணினார்கள். ஒரு பதிப்பின் மாற்றப் பட்டியலில், நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவே, இந்திய எழுத்துகளில் இடைவெளி திருத்தப்பட்டது என்று ஒரு வரி. பெயர் எதுவும் இல்லை. அதைப் பிரிண்ட் எடுத்து மாமா கல்லாவுக்கு மேலே ஒட்டினார். யார் கேட்டாலும் விளக்கமாட்டார்.

திருத்தமே வம்பாகிற கதையும் உண்டு. சின்னம், லோகோ வகையறாவுக்கு இங்க்ஸ்கேப் வைத்திருந்தோம். 2017-ல் அதன் 0.92 பதிப்பில், ஓர் அங்குலத்துக்கு 90 புள்ளி என்றிருந்த கணக்கை 96 என்று மாற்றினார்கள். இணைய உலகத்தின் சிஎஸ்எஸ் விதி 96 என்று நிலைத்துவிட்டதால், மற்ற மென்பொருள்களோடு அளவு ஒத்துப்போகவேண்டும் என்று செய்தது. நியாயம்தான். ஆனால் பழைய கோப்பைப் புதியதில் திறந்தால் அளவு குறையும். அதனால் திறக்கும்போதே, இது பழைய கோப்பு, என்ன செய்யட்டும் என்று ஒரு பெட்டி வந்து கேட்கும். நாங்கள் ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்று வைத்து வரைகிறவர்கள். பேசாமல் விட்டால் பத்தடி பிளெக்ஸில் எவ்வளவு குறையும் என்று கணக்குப் போட்டேன். சரியாக ஏழரை அங்குலம். “அதானே பாத்தேன்” என்றார் மாமா. ஆசாரி சட்டத்தைப் பத்தடிக்கு அடித்து வைத்திருக்கும்போது ஏழரை வந்து நின்றால் என்ன ஆவது? அன்றிலிருந்து எந்தப் பெட்டி வந்தாலும் படித்துவிட்டுத்தான் அமுக்குவோம்.

மின்வெட்டு வருஷங்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம். வேலை நடுவில் கரண்ட் போகும், எங்கள் யுபிஎஸ்ஸின் பேட்டரி தனக்கு இஷ்டமிருந்தால் தாங்கும். இங்க்ஸ்கேப்பில் 0.47-லேயே நேரத்துக்கு நேரம் தானாகச் சேமிக்கும் வசதி வந்திருந்தது. கிம்ப்பில் 2018-ன் 2.10 வரை காத்திருந்தோம். அதில் வந்தது, நிரல் முறிந்தால் படத்தை மீட்டுக்கொடுக்கும் ஏற்பாடு. கரண்ட் போவது நிரல் முறிவதாகாது. ஆகவே எங்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. கன்ட்ரோல் எஸ் என் இடக்கை விரல்களில் அப்படிப் பதிந்தது. இன்றைக்கும் போனில் செய்தி தட்டச்சும்போதுகூட இடக்கை சுண்டுவிரல் துடிக்கும்.

அரசு மடிக்கணினி வந்த புதிதில் பிள்ளைகள் கடைக்குத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருக்கும், சென்னையில் சி-டாக் செய்தது. “அண்ணா, இதுல விண்டோஸ் போதும், இன்னொன்னத் தூக்கிடுங்க.” தூக்குவதற்கு முன்னால் கிம்ப்பைத் திறந்து அவர்கள் முகத்தையே பிளெக்ஸ் போலப் போட்டுக் காட்டுவேன், வெள்ளை பார்டரோடு. சிலர் அழிக்கவேண்டாம் என்று எடுத்துப் போனார்கள். அவர்களில் ஒருவன் இப்போது சென்னையில் ஒரு கேம் கம்பெனியில் வரைகிறான்.

2019-ல் சென்னையில் பேனர் விழுந்து ஓர் இளம்பெண் உயிர்போன பிறகு நீதிமன்றமும் அரசும் இறுக்கியதில் பிளெக்ஸ் தொழில் சுருங்கியது. சுருங்கியதில் எனக்குத் தனிப்பட்ட வருத்தமில்லை; சாலையோரம் அவ்வளவு முகங்கள் தேவையில்லைதான். இப்போது பையன்கள் பிக்ஸல்லேபில் போனிலேயே செய்து ஸ்டேட்டஸில் வைத்துவிடுகிறார்கள். கடையில் நான் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், கொஞ்சம் அழைப்பிதழ் என்று ஓட்டுகிறேன். மாமா கண் ஆபரேஷன் செய்துகொண்டு வீட்டில் இருக்கிறார், சாயங்காலம் வந்து பெஞ்சில் உட்காருவார்.

2025 மார்ச்சில் கிம்ப் 3.0 வந்தது. எழுத்துக்கருவியிலேயே விளிம்பு என்று ஒரு தெரிவு. நிறத்தைக் கொடுத்து அகலத்தைக் கொடுத்தால் பார்டர் வந்துவிடுகிறது. எழுத்தைத் திருத்தினால் பார்டரும் கூடவே திருந்துகிறது. மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பெயர் ஒன்றைத் தட்டினேன், பார்டர் வந்தது. நடுவில் ஒரு மச்சானைச் சேர்த்தேன், பார்டர் நகர்ந்து இடம் கொடுத்தது. மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். எதுவும் சொல்லாமல் வெகுநேரம் பார்த்தார்.

“எழுத்தத் தின்னுதுடா.”

எனக்குப் புரியவில்லை. அவர் விரலை வைத்துக் காட்டினார். பார்டர் எழுத்தின் ஓரத்தில் நடுவாக நின்று இரண்டு பக்கமும் விரிந்திருந்தது. பாதி வெளியே, பாதி எழுத்துக்குள்ளே. அதனால் ஊதா எழுத்து மெலிந்துவிட்டது. நாங்கள் பழைய முறையில் செய்ததில் வெள்ளை முழுக்க வெளியே நிற்கும், எழுத்து குறையாது. இந்த முறை ஒழுங்காகவே எழுதுவோம் என்று பதிப்பு எண், செய்தது, எதிர்பார்த்தது, வந்தது எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, ஏற்கெனவே யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று தேடினேன். அடுத்த பதிப்புக்கான வேலையில், விளிம்பு உள்ளேயா, வெளியேயா, இருபக்கமுமா என்று தேர்ந்தெடுக்கும் வசதியைச் சேர்த்தேவிட்டிருந்தார்கள். மாமாவிடம் சொன்னேன்.

“எவன் செஞ்சது?”

“தெரியல மாமா. வெளிநாட்டுல யாரோ.”

“போர்டு எழுதுனவனா இருப்பான்” என்றார். பிறகு, டீ சொல்லச் சொன்னார்.